கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவில் நாற்பது வருஷம் இருந்திருக்கீங்க, உங்க சாதனையைப் பற்றிப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சாதனை பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஆள் பிடிக்கிற கதை ஒன்று சொல்கிறேன். அதில் நானும் ஒரு சின்ன வேஷம் கட்டினேன்.

1984இல் மேல்படிப்புக்குப் போனேன். பெரிய பல்கலைக்கழகம்தான், பெயர் வேண்டாம். கைச்செலவுக்காக அங்கே ஃபுட்பால் ஆடும் மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தேன். ஃபுட்பால் என்றதும் நம்ம கால்பந்து என்று நினைச்சுடாதீங்க. இது முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலையில் கவசம் போட்டு, முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். கல்லூரி ஆட்டம்தானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம்.

தொழில்முறை அணிகள் வரிசை போட்டு ஆட்களைப் பங்கிட்டுக்கொள்ளும். கல்லூரிகளுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. எங்கே சேர்வது என்று 17 வயசுப் பையன்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் பயிற்சியாளர்கள் அவன் வீடு தேடி வருவார்கள். அம்மா சமையலைப் புகழ்வார்கள், தாத்தாவோடு சர்ச்சுக்குப் போவார்கள்.

போட்டிப் பல்கலைக்கழகங்களுக்குள் இது எவ்வளவு ஆழம் பாயும் என்பதற்கு மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் நல்ல உதாரணம். பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். 1897இலிருந்து மோதுகிறவர்கள். ஒஹாயோவில் பிறந்து, ஒஹாயோ ஸ்டேட்டின் வூடி ஹேஸிடம் உதவியாளராக இருந்த போ ஷெம்பெக்லர், 1969இல் மிச்சிகனுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அந்த வருஷமே பழைய குருவை 24-12 என்று தோற்கடித்தார். இவர் ஊருக்குள் போய் அவர் ஆள் எடுப்பதும், அவர் ஊருக்குள் போய் இவர் எடுப்பதும் வாடிக்கை. கிளீவ்லாண்டில் வளர்ந்த டெஸ்மண்ட் ஹோவர்டும், ஃப்ரீமாண்டில் வளர்ந்த சார்ல்ஸ் வுட்ஸனும் ஒஹாயோ பிள்ளைகள். இரண்டு பேரும் மிச்சிகனில் சேர்ந்தார்கள். ஒருவர் 1991இல், இன்னொருவர் 1997இல், சொந்த மாநிலத்து அணிக்கு எதிராகவே பந்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஓடிப் புள்ளி எடுத்தார்கள். அந்தந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசும் அவர்களுக்கே கிடைத்தது. ஒரு பையனைக் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்று பயிற்சியாளர்கள் ராத்திரி தூங்காமல் கிடப்பது இதனால்தான்.

இந்தப் பயம் பணத்தில் கொண்டுபோய் விடும். டெக்ஸஸில் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் போனது. பிடிபட்டபோது 1987ஆம் ஆண்டு ஆட்டங்கள் முழுவதையும் மேலமைப்பு ரத்து செய்தது; 1988இல் பல்கலைக்கழகமே அணியைக் களமிறக்கவில்லை. பணம் தொடர்ந்து போகட்டும் என்று சம்மதித்தவர்களில் தானும் ஒருவர் என்று, அப்போது மாநில ஆளுநராகவே இருந்த பில் கிளெமென்ட்ஸ் ஒப்புக்கொண்டார். பெரிய மனுஷங்களும் இதில் எப்படிச் சறுக்குகிறார்கள் பாருங்க!

இப்போது என் வேஷத்துக்கு வருகிறேன். 1986 ஜனவரியில் ஒரு பையனைப் பல்கலைக்கழகச் செலவில் ஊர் சுற்றிக்காட்ட அழைத்து வந்தார்கள். விதிப்படி 48 மணி நேரம். மைதானம், விடுதி, சாப்பாடு எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் என் அறைக்கு வந்தார்கள். கூடவே அவன் பாட்டி. அவர்தான் அவனை வளர்த்தவர். பயிற்சியாளர் என் தோளில் கை போட்டு, "இவர் இந்தியாவிலிருந்து வந்த கணித மேதை. உங்க பேரனை டிகிரி வாங்க வைப்பார்" என்றார். நான் மேதையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமாவா தம்பி? நாலு வருஷமும் பார்த்துப்பீங்களா?" என்று கேட்டார். அவர் பேசியது இங்கிலீஷ்தான். எனக்குக் கேட்டது நம்ம ஊர்ப் பாட்டி குரல். "பார்த்துக்கறேன்மா" என்றேன். பிப்ரவரியில் பையன் கையெழுத்துப் போட்டான்.

அந்தக் கையெழுத்தின் அர்த்தம் எனக்கே பிறகுதான் தெரிந்தது. 1973இல் கொண்டுவந்த விதிப்படி ஸ்காலர்ஷிப் என்பது ஒரு வருஷத்துக்குத்தான்; வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பையன் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். பயிற்சியாளருக்கு அந்தக் கட்டு இல்லை. நல்ல சம்பளம் கிடைத்தால் மறுநாளே போகலாம்.

எங்க பயிற்சியாளர் போனார். அதே பருவத்தில் பையனுக்கு முழங்கால் போனது. அன்றைக்கு ஒரு அணிக்கு 95 ஸ்காலர்ஷிப்தான் அனுமதி. புதிதாக வந்தவருக்கு அவர் பிடித்த ஆட்களுக்கு இடம் வேண்டியிருந்தது. 1988 கோடையில் பையனுக்கு ஒரு கடிதம் வந்தது. அவன் அதை என்னிடம் கொண்டுவந்து, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டான். அல்ஜீப்ராவில் ஒரு வரி புரியாவிட்டால் கேட்பது போலத்தான் கேட்டான். அர்த்தம் சொன்னேன். அந்த வாரம் எனக்கு முனைவர் பட்டத் தேர்வு. அவன் பஸ் ஏறிய அன்று நான் நூலகத்தில் இருந்தேன். வழியனுப்பப் போகவில்லை. பாட்டிக்கு ஒரு கடிதம் எழுத நினைத்தேன், எழுதவே இல்லை.

இப்போது விதிகள் மாறிவிட்டன. 2012இலிருந்து பல வருஷ ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்றானது. 2021இல் தன் பெயரையும் புகழையும் வைத்து மாணவன் சம்பாதிக்கலாம் என்றார்கள். ஒரு முறை மாறினால் உட்கார வேண்டாம் என்றும் ஆயிற்று. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே நேராகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடி டாலர். அன்று மேஜைக்கு அடியில் போன பணம் இன்று மேஜைக்கு மேலே வருகிறது. ஆடுகிறவனுக்குக் காசு போய்ச் சேருவது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முழங்கால் போனவனை யார் பார்ப்பது என்ற பாட்டியின் கேள்விக்குப் பணத்தால் மட்டும் பதில் சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு உங்களைத் தேடியும் ஆள் வரும். கம்பெனி வரும், வெளிநாட்டுக் கல்லூரியின் ஏஜெண்ட் வருவார். வரட்டும், சந்தோஷப்படுங்க. கையெழுத்துப் போடும் முன்னால் அந்தப் பாட்டி கேட்டதைக் கேளுங்க. பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீங்க, எழுத்தில் வாங்குங்க.

நண்பர்களே, நமக்கும் ஒன்று. சேர்க்கை நாளில் நம்மையும் கூப்பிட்டு, "இவர் நம்ம பழைய மாணவர், அமெரிக்காவில் இருக்கார்" என்று பெற்றோர் முன்னால் நிறுத்துவார்கள். போய் நிற்போம். ஆனால் "பார்த்துக்கறோம்" என்று சொன்னால், நடுவில் உடம்பு சரியில்லாமலோ, அப்பா தவறியோ, பணம் கட்ட முடியாமலோ மூன்றாம் வருஷம் நிற்கிற பிள்ளையையும் பார்க்க வேண்டும். சங்கத்தின் உதவித்தொகை இன்று முதல் வருஷ மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் போகிறது. பாதியில் நின்று போகிறவர்களுக்கென்று தனியாக ஒரு நிதி வேண்டும் என்பது என் கோரிக்கை. முதல் தொகையை இன்று காலை பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். பெயர் எதுவும் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.