கூட்டிலிருந்து தள்ளி நின்று

ஈப்போவிலிருந்து பத்து காஜா வழியாகத் தஞ்சோங் துவாலாங் போகிறவர்கள் அங்கே நிற்கும் பழைய ஈயக்கப்பலைப் பார்த்திருப்பீர்கள். 1938இல் கட்டியது, 1982 வரை ஓடியது. அதைப் போன்ற கப்பல்களும் மற்ற ஈயச் சுரங்கங்களான லம்பங்களும் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களில் தண்ணீர் நின்றது. கிந்தாப் பள்ளத்தாக்கெங்கும் ஈயக்குட்டைகள் ஆயின. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆள் நடமாட்டம் குறைந்த கரைகளில் கோரையும் புதரும் மண்டின. மீன் பெருகியது. அதைத் தேடிக் கொக்கும் நாரையும் வக்காவும் வந்தன. பத்து காஜா அருகிலுள்ள கிந்தா இயற்கைப் பூங்கா அப்படி உருவானதுதான். நாட்டிலேயே கொக்கு, நாரை இனங்கள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம் என்று பெயர் பெற்றது.

ஈயத்துக்கும் பறவைகளைப் படமெடுப்பதற்கும்கூட ஓர் உறவு உண்டு. பேராக்கின் லாருட் பகுதி ஈயத்தில் செல்வம் சேர்த்தவர் லோக் யூ. அவருடைய மகன் லோக் வான் தோ, 1915இல் கோலாலம்பூரில் பிறந்தவர், இந்தியப் பறவையியலாளர் சலீம் அலியின் நெருங்கிய நண்பர், பறவைகளைப் படமெடுப்பதில் பெரும்பெயர் பெற்றவர். அவர் காலத்தில் கூட்டுக்குப் பக்கத்தில் மறைப்புக் கட்டி, அதற்குள் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். இன்றைக்கு 500 மில்லிமீட்டர் டெலிபோட்டோ லென்ஸ் இருந்தால் எதிர்க்கரையில் நின்றே எடுத்துவிடலாம். இந்த லென்ஸ் நமக்குத் தந்திருக்கும் பெரிய வசதி அந்தத் தூரம்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டை நெருங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

காரணம் சொல்கிறேன். குட்டை நடுவிலுள்ள திட்டுகளில் இந்தப் பறவைகள் கூடு கட்டுகின்றன. சுற்றிலும் தண்ணீர் இருப்பதே பாதுகாப்பு. நாம் நெருங்கினால் பெரிய பறவைகள் மொத்தமாகக் கிளம்பிவிடும். பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுக்கு உடம்பில் இறகு போதாது; தாய் சிறகை விரித்து நிழல் தராவிட்டால் நண்பகல் வெயில் தாங்காது. முட்டைக்குக் காகம் வேறு காத்திருக்கும்.

எதிர்க்கரையிலிருந்தே என்னென்ன கிடைக்கும் தெரியுமா? இனப்பெருக்கக் காலத்தில் பெரிய வெள்ளைக் கொக்கைப் பாருங்கள். மஞ்சள் அலகு கறுத்துவிடும். கண்ணருகே உள்ள வெறுந்தோல் நீலப்பச்சை ஏறும். முதுகிலிருந்து மெல்லிய இழைகள் வாலையும் தாண்டித் தொங்கும். கொக்குகளின் இந்த இழைகளைப் பெண்களின் தொப்பியில் செருகுவதற்காக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அவற்றைக் கொன்று குவித்தார்கள். அந்த இழை படத்தில் தெரிய வேண்டுமானால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கரும்பச்சைப் புதருக்கு முன்னால் நிற்கும் வெள்ளைப் பறவையைக் கேமரா தானாக எடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். பறக்கும்போது எடுக்க நொடியில் 2000இல் ஒரு பங்கு வேகம் வேண்டும்.

நம் ஊரில் சூரியன் மளமளவென்று மேலே ஏறிவிடுகிறது. காலை ஏழரை முதல் ஒன்பது வரைதான் நல்ல வெளிச்சம். பிறகு தண்ணீர்மேல் கானல் எழும். நீண்ட லென்ஸ் அதையும் சேர்த்தே பெரிதாக்குவதால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் படம் கலங்கிப்போகும். காரில் ஏர்கோனை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்தால் பனி படர்ந்து, அது தெளிவதற்குள் பறவை போய்விடும். ஈயக்குட்டையின் ஓரம் உறுதியாகத் தெரியும், ஆனால் கால் புதையும். கரைப்பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

பால்மரத் தோட்டங்களில் வளர்ந்த நம் பெரியவர்கள் பலர் இந்தக் குட்டைகளில் தூண்டில் போட்டவர்கள். மீன் எந்த ஓரம் ஒதுங்கும் என்று அறிந்தவர்களுக்குக் கொக்கு எங்கே இறங்கும் என்றும் தெரியும். அவர்களையும் கூட்டிப் போங்கள்.

மணல் எடுக்க, மீன் வளர்க்க, வீடு கட்ட என்று ஈயக்குட்டை நிலத்தைக் கேட்பவர்கள் எப்போதும் உண்டு. இங்கே பறவைகள் வாழ்கின்றன என்று காட்ட, நாளும் இடமும் குறித்த படங்கள் உதவும். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மலேசிய இயற்கைச் சங்கத்தை அணுகினால் எப்படிச் சேர்வது என்று கேட்டறியலாம். கூடு இருக்கும் இடத்தை மட்டும் முகநூலில் போடாதீர்கள். கணக்கெடுப்பவர்களிடம் நேரில் சொல்லுங்கள்.