தங்கவயலில் ஒரு வீடு: உரிமை யாருக்கு?

(பங்குக் குடும்பக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



மாடம்பாக்கத்தில் மனை வாங்கி, கடன்பட்டு வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே பல. சொந்த வீட்டின் அருமையை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆகவே மூன்று தலைமுறை வாழ்ந்தும் சொந்தமாகாத ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

பங்காருப்பேட்டையில் இரயில் மாறி, மாரிக்குப்பம் வண்டியில் ஏறினால் கோலார் தங்கவயல் வரும். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் போன தமிழர்கள் அங்கே வரிசை வரிசையாக 'லைன்' வீடுகளில் குடியிருந்தார்கள். தொடக்கத்தில் அவை மூங்கில் தட்டி அடைத்த குடிசைகளே.

அந்த மண்ணின் உரிமை கைமாறிய கதையைக் கேளுங்கள். 1875-ஆம் ஆண்டு, மைசூர் ஆட்சி ஆங்கிலேயர் கையில் இருந்தபோது, லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் தங்கம் தோண்ட உரிமை பெற்றார். பணம் போதவில்லை, இரண்டே ஆண்டில் உரிமை ஒரு கூட்டுக் குழுவிடம் போயிற்று. 1880-இல் இலண்டன் ஜான் டெய்லர் நிறுவனம் நிர்வாகத்துக்கு வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சுரங்க இயந்திரங்களை ஓட்டியது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசுக்கும், 1962-இல் மத்திய அரசுக்கும் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

இத்தனை பெயர்கள் ஏடுகளில் ஏறின. வீட்டுக்குள் பிறந்து, மணமுடித்து, பிள்ளை பெற்று, கண் மூடியவர்களின் பெயர் மட்டும் உரிமையாளர் பட்டியலில் ஏறவில்லை. வேலை உள்ளவரைதான் வீடு என்பதே அங்கு முறை.

தாம்பரம் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் கேட்கலாம்: "நாங்களும் ஓய்வு பெற்ற அன்று சாவியைக் கொடுத்துவிட்டுத்தானே வந்தோம்?" உண்மை. ஆனால் நீங்கள் ஓய்வு நாளை முன்னரே அறிந்திருந்தீர்கள். சேமித்து மனை வாங்கினீர்கள். தங்கவயலிலோ ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. நிலுவைத் தொகைக்கும், குடியிருந்த வீட்டுக்கும் அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் மன்றாட நேர்ந்தது. அவர்களின் பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள்.

அந்நிய மண்ணில் வாழ்ந்த ஆபிரகாம், மனைவியை அடக்கம் செய்ய இலவசமாகக் கொடுத்த நிலத்தைக்கூட ஏற்கவில்லை. 400 வெள்ளிக் காசு எடைபோட்டுக் கொடுத்து, ஊரார் முன்னிலையில் தமதாக்கிக்கொண்டார். வாழும் இடத்தில் உரிமை வேண்டும் என்பது பேராசை அன்று, மனித மாண்பு.

ஆகவே இரண்டு காரியங்கள். உங்கள் மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் பத்திரப்படுத்துங்கள். அவற்றில் மனைவியின் பெயரும் இடம்பெறட்டும். உங்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத்தை நாளைக்கே காலி செய்யச் சொல்லாதீர்கள். சுவர் உங்களுடையது, அதற்குள் நடக்கும் வாழ்வு அவர்களுடையது.