குடத்து ஓலையும் கணக்கு ஏடும்: தேர்தல் முறையும் தேர்தல் செலவும்

1. உத்திரமேரூர் விதி

செங்கல்பட்டு வட்டாரத்தில் தேர்தலைப் பற்றிப் பேச மேடை ஏறும் எவரும் உத்திரமேரூரைத் தொடாமல் இறங்குவதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலை கண்ட மண் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவது வழக்கம். ஆனால் அந்த ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பது ஒரு தேர்தல் விதித் தொகுப்பு. விதியாகப் படித்தால்தான் அதில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது தெரியும்.

முதலாம் பராந்தகனின் ஆட்சியில், 919-இல், முதல் விதி வெட்டப்பட்டது. இரண்டே ஆண்டில், 921-இல், அதே சபை அதைத் திருத்தியது. 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 என்று மாறியது. ஊரின் 30 குடும்புகளிலும், அதாவது வார்டுகளிலும், தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுதும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் அவிழ்த்துக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். அவன் வாசித்த பெயரை அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். விரல் விரிந்திருக்க வேண்டும் என்று கல்லில் எழுதிவைத்த ஊருக்கு, மூடிய கையில் என்னவெல்லாம் நடக்கும் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இதைவிடக் கடுமையான விதி ஒன்றும் உண்டு. முன்பு வாரியம் என்னும் நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவர் பெயரை மட்டுமல்ல, சிற்றன்னை பேரன்னை மக்கள், மாமன், மைத்துனன், மாமனார் என்று அவருடைய உறவு வட்டம் முழுவதையும் கல்வெட்டு பட்டியலிட்டுத் தள்ளிவைக்கிறது. கடந்த மூன்றாண்டில் பதவி வகித்தவர்களுக்கும் இடமில்லை.

குறையையும் சொல்லியாக வேண்டும். கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கான ஏற்பாடு இது. உழுதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. 1952-இல் வந்த வயது வந்தோர் வாக்குரிமை இந்த வகையில் சோழர் காலத்தைவிடப் பல படி மேலானது. ஆனால் 921-இன் சபை கேட்ட இரண்டு கேள்விகள், அதாவது எடுக்கும் முறை நேர்மையானதா, செலவுக்குக் கணக்கு உண்டா என்பவை, இன்றைக்கும் சேர்த்தே கேட்கப்பட வேண்டியவை.

2. 974 பேர்

உத்திரமேரூரும் மாமல்லபுரமும் ஒரே மக்களவைத் தொகுதியில்தான் இருக்கின்றன. காஞ்சிபுரம் தனித் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் உத்திரமேரூர் ஒன்று, திருப்போரூர் இன்னொன்று. மாமல்லபுரம் பேரூர் திருப்போரூருக்குள் வருகிறது.

2021 சட்டமன்றத் தேர்தலில் திருப்போரூரில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் எஸ்.எஸ். பாலாஜி, பாட்டாளி மக்கள் கட்சியின் ஆறுமுகத்தை 1,947 வாக்கில் வென்றார். வென்றவர் 93,954, தோற்றவர் 92,007. மூன்றாவதாக வந்த நாம் தமிழர் கட்சிக்கு விழுந்தது 20,000-க்கு மேல். பதிவான வாக்கில் பாதிக்கும் குறைவாக வாங்கியவர் வென்றார். அது சட்டப்படி சரியான வெற்றி. அதிகம் பெற்றவருக்கு இடம் என்பதுதான் விதி.

இதில் ஒரு சிறு கணக்கு ஒளிந்திருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் 974 பேர் மாறியிருந்தால் முடிவு தலைகீழ். தொகுதியில் வாக்களித்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் எந்தப் பக்கம் என்பது முன்கூட்டியே ஓரளவு தெரிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் சில ஆயிரம் பேர்தான் முழு இடத்தையும் தீர்மானிக்கிறார்கள். தோற்றவரின் 92,007 வாக்குக்குச் சட்டமன்றத்தில் எந்த மதிப்பும் இல்லை என்னும்போது, அந்தக் கடைசிச் சில ஆயிரத்துக்கு எந்த விலையும் அதிகமாகத் தெரியாது. திருப்போரூரில் பணம் பாய்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. நெருக்கமான போட்டி நடக்கும் எந்தத் தொகுதிக்கும் கணக்கு ஒன்றுதான். தேர்தல் முறையும் தேர்தல் செலவும் தனித்தனி வழக்குகளாகப் பேசப்படுவது வழக்கம். இரண்டும் ஒரே வழக்கின் இரண்டு பக்கங்கள் என்பதே இந்தச் சொற்பொழிவின் வாதம்.

3. வாக்கு ஒரு கணக்கு, இடம் வேறு கணக்கு

மாநில அளவில் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. 1967-இல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் பெற்ற வாக்கு 41.10 சதவீதம், இடம் 51. தி.மு.க. பெற்றது 40.69 சதவீதம், இடம் 137. ஆட்சியை இழந்த கட்சிதான் தனிக்கட்சியாக அதிக வாக்கு வாங்கியிருந்தது. காங்கிரஸ் ஏறத்தாழ எல்லாத் தொகுதியிலும் நின்றது. தி.மு.க. 174-இல் மட்டும் நின்று, மற்றதைக் கூட்டணிக்கு விட்டது. அண்ணாவின் கூட்டணிக் கணக்கு தேர்தல் முறையின் போக்கைச் சரியாகப் படித்த கணக்கு.

பின்னாலும் இதே கதைதான். 2014 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு 44 சதவீதத்தை ஒட்டிய வாக்கு, 39-இல் 37 இடம், தி.மு.க.வுக்கு 23 சதவீதத்துக்கு மேல் வாக்கு, இடம் பூஜ்யம். 2016-இல் தனித்து நின்ற பா.ம.க. 5 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஓர் இடமும் பெறவில்லை. 2021-இல் கூட்டணிக்குள் போய் 3.80 சதவீதத்தில் 5 இடம் பெற்றது. அதே தேர்தலில் நாம் தமிழருக்கு 6.58 சதவீதம், இடம் இல்லை. விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, 4 இடம்.

பிரிட்டனும் விலக்கில்லை. 2024-இல் தொழிற்கட்சி மூன்றில் ஒரு பங்கு வாக்கை வைத்து 650-இல் 411 இடம் பிடித்தது.

நம் கடற்கரைக்கு வேறொரு குறை உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரம் சோழிங்கநல்லூர், திருப்போரூர், செய்யூர் என்று மூன்று தொகுதிகளாக வெட்டப்பட்டிருக்கிறது. மீனவர் குப்பங்கள் கரையோரமாக நீண்டு கிடப்பவை. தொகுதிகளோ உள்நாட்டுக்குள் விரிபவை. எனவே மூன்றிலும் மீனவர்கள் சிறுபான்மை. கடல் அரிப்பு, தூண்டில் வளைவு, படகு நிறுத்த இடம் என்று மூன்று தொகுதிக்கும் பொதுவான கோரிக்கை இருந்தாலும், அதை மட்டும் சொல்லி ஒருவர் எங்கும் ஜெயிக்க முடியாது.

4. சோழிங்கநல்லூரின் நாலரை ரூபாய்

2021-இல் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் சட்டப்படி செலவழிக்கக் கூடிய உச்சவரம்பு 30.8 லட்சம் ரூபாய். மாநிலத்திலேயே அதிக வாக்காளர் கொண்ட சோழிங்கநல்லூரில் அப்போது ஏறத்தாழ 6.9 லட்சம் பேர். மிகக் குறைவான சென்னைத் துறைமுகம் தொகுதியில் ஏறத்தாழ 1.76 லட்சம் பேர். இரண்டுக்கும் ஒரே வரம்பு. வகுத்துப் பார்த்தால் துறைமுகத்தில் ஒரு வாக்காளருக்குப் பதினேழரை ரூபாய், சோழிங்கநல்லூரில் நாலரை ரூபாய்கூடத் தேறாது. அஞ்சல் உறை ஒன்றின் விலை அப்போது 5 ரூபாய். அதாவது சோழிங்கநல்லூர் வேட்பாளர் தன் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் போட்டிருந்தாலே சட்டத்தை மீறியவராகியிருப்பார். 2022-இல் வரம்பு 40 லட்சமாக உயர்ந்தது. தொகுதியின் அளவைப் பார்க்காத குறை அப்படியே இருக்கிறது.

அதே தொகுதியில் வாக்கின் எடையும் குறைவு. துறைமுகத்தில் ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் ஒருவரின் வாக்கு, சோழிங்கநல்லூரில் ஏறத்தாழ நாலு பேர் வாக்குக்குச் சமம். பழைய மாமல்லபுரம் சாலையோரம் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் எழுந்த வேகத்துக்கு, 2001 மக்கள்தொகையை வைத்து வரைந்த எல்லைக்கோடு ஈடுகொடுக்கவில்லை.

5. ஏட்டில் ஏறுவதும் ஏறாததும்

வேட்பாளருக்குத் தேர்தல் அலுவலகம் தரும் கணக்குப் பதிவேட்டில் மூன்று பகுதி: அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு வேண்டும். தேநீர், பிரியாணி, நாற்காலி, பந்தல், ஒலிபெருக்கி, மாலை என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வைத்திருப்பார். கூட்டத்தை வீடியோ எடுத்து, நாற்காலியை எண்ணி, அதிகாரிகள் தனியே நிழல் பதிவேடு எழுதுவார்கள். வேட்பாளர் காட்டும் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முடிவு வெளியான 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேர்தல் மாதங்களில் பறக்கும் படையின் வண்டி நிற்பது பழகிய காட்சி. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருப்பவரிடம் ரசீது கேட்பார்கள். மீன் ஏலம் முடிந்து திரும்பும் வியாபாரிக்கும் மாட்டுச் சந்தைக்குப் போகிறவருக்கும் அது பெரும் அவஸ்தை. 2021-இல் தமிழ்நாட்டில் பிடிபட்ட ரொக்கமும் பொருளும் 446 கோடி ரூபாய் மதிப்பு என்றது தேர்தல் ஆணையம்.

பணம் கொடுப்பது புதிய பழக்கமும் இல்லை. காஞ்சிபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த 1962-இல் அண்ணா அங்கே எஸ்.வி. நடேச முதலியாரிடம் தோற்றார். திருப்பதி வெங்கடாசலபதி படத்தின் முன் சத்தியம் வாங்கி ஆளுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தார்கள் என்று திராவிட இயக்க மேடைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அது மேடைக் கதையாகவே நிற்கிறது. அண்மைக் காலம் அப்படியில்லை. பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையமே 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களையும், 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலையும் ரத்து செய்து பின்னர் நடத்தியது.

இத்தனை தாளும் வண்டியும் வேட்பாளரைச் சுற்றியே நிற்கின்றன. கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை. 1974-இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில் ஏற வேண்டும் என்றது. சில வாரங்களிலேயே அவசரச் சட்டம் வந்து அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. 2003-இல் சட்டம் மாறினாலும் நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவுக்கு விலக்கு தொடர்கிறது. 2019 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. தன் செலவுக் கணக்கில், கூட்டணிக் கட்சிகளுக்குத் தந்ததாக 40 கோடி ரூபாய் காட்டியது. ஒரு வேட்பாளருக்கு அப்போது வரம்பு 70 லட்சம். கணக்கில் காட்டியதால்தான் அது வெளியே தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எந்தப் பதிவேட்டிலும் ஏறாத முதலீடும் ஒன்றுண்டு. 1967 ஜனவரி 12-இல் சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., அப்போது இதே மாவட்டத்தில் இருந்த பரங்கிமலைத் தொகுதியில் வாக்குக் கேட்டு ஒரு தெருவுக்கும் போகவில்லை. கழுத்தில் கட்டுடன் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் போனது, வென்றார். புகழுக்கு எந்த அலுவலரும் விலைப்பட்டியல் போட முடியாது. புகழில்லாத எதிர் வேட்பாளருக்கோ அந்த இடைவெளியை நிரப்பக் காசு வேண்டும். செலவு வரம்பை மிகவும் இறுக்கினால் ஏற்கெனவே முகம் தெரிந்தவருக்குத்தான் லாபம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

6. இலங்கை தரும் பாடம்

விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தால் எல்லாம் சரியாகும் என்போர் பாக் நீரிணைக்கு அப்பால் பார்க்க வேண்டும். 1977-இல் இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 சதவீத வாக்கில் 168-இல் 140 இடம் பிடித்தது. சுமார் 30 சதவீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 இடம். 7 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி, வடக்கிலும் கிழக்கிலும் செறிந்த வாக்கால் 18 இடம் பெற்று எதிர்க்கட்சியானது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1989 பொதுத் தேர்தல் அதன்படி நடந்தது. வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கியது. செலவோ ஏறியது. முழு மாவட்டமும் ஒரே தொகுதி, அதற்குள் விருப்பு வாக்கு. ஒரே கட்சியின் வேட்பாளர்களே ஒருவரோடொருவர் மோதி, மாவட்டம் முழுக்கச் சுவரொட்டி ஒட்ட வேண்டியதாயிற்று. செலவுக்கு வரம்பு கட்டும் சட்டம் 2023-இல்தான் வந்தது. முறையை மாற்றும்போதே கணக்கையும் கட்டாவிட்டால் பணம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

இந்தியாவிலும் இந்த விவாதம் பழையது. அரசியல் நிர்ணய சபையில் காசி சையத் கரிமுத்தீன் விகிதாசாரம் கோரியபோது, எழுத்தறிவின் நிலையையும் நிலையான அரசின் தேவையையும் காட்டி அம்பேத்கர் மறுத்தார். முதல் காரணம் இன்று பெரிதும் தேய்ந்துவிட்டது. இரண்டாவது இன்னும் நிற்கிறது. அதனால்தான் சட்ட ஆணையம் 1999-இல் தன் 170-ஆம் அறிக்கையில் நடுவழி சொன்னது: தொகுதிகள் இப்படியே இருக்கட்டும், மேற்கொண்டு 25 சதவீத இடத்தை வாக்கு விகிதப்படி பட்டியலிலிருந்து நிரப்பலாம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு அது சுமார் 58 இடம். 2021 வாக்கை வைத்து எளிய விகிதம் போட்டால் நாம் தமிழருக்கு ஏறத்தாழ 4 கிடைத்திருக்கும். தனிப் பெரும்பான்மை பெற்ற தி.மு.க. அப்போதும் ஆட்சி அமைத்திருக்கும்.

7. செய்யக் கூடியவை

முதலாவது, செலவு வரம்பைத் தொகுதிக்கு இவ்வளவு என்பதை விட்டு வாக்காளருக்கு இவ்வளவு என்று வைப்பது. இரண்டாவது, கட்சிக்கும் ஒரு வரம்பு. மூன்றாவது, கணக்கின் உண்மையைச் சோதிப்பது. கணக்கே தராதவரை மூன்றாண்டு தகுதி நீக்கம் செய்ய சட்டம் இருக்கிறது. தந்த கணக்கு மெய்யா என்று ஆணையம் விசாரிக்கலாம் என்று அசோக் சவாண் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவாக்கியது. 2011-இல் உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி உறுப்பினர் உம்லேஷ் யாதவ், விலைக்கு வாங்கிய செய்திக்கான செலவை மறைத்ததற்காகப் பதவி இழந்தார். அதிகாரம் இருக்கிறது, பயன்படுத்தியது அபூர்வம்.

நான்காவது வேலை எல்லைக்கோடு. 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வரை மாநிலங்களுக்கான இடப் பங்கீடு உறைந்திருக்கிறது. அந்தப் பங்கீட்டில் தமிழ்நாடு இழக்குமோ என்ற கவலை பெரிய அரசியலாக நடக்கிறது. மாநிலத்துக்குள் கோடு எங்கே விழும் என்பது அந்தச் சத்தத்தில் மறந்துவிடக் கூடியது. 2002 மறுவரையறைச் சட்டத்தில், வரைவை அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியிட்டு, ஆட்சேபம் வாங்கி, பொது அமர்வு நடத்த வேண்டும் என்று இருந்தது. அடுத்த சட்டத்திலும் அந்த வாய்ப்பு இருக்குமானால், கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை குப்பத்துப் பஞ்சாயத்துகளும், சோழிங்கநல்லூர் குடியிருப்போர் சங்கங்களும் வரைபடமும் வாக்காளர் எண்ணிக்கையும் கையில் வைத்துக்கொண்டு அந்த அமர்வில் பேச முடியும். அதற்கான தயாரிப்பை வரைவு வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.