யாழ் தேர்ந்த முறையே ஆசிரியர் தேரும் முறை

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி போற்றி! 

உறையூரினின்று மதுரை நோக்கி நடந்த கோவலன், கண்ணகி இருவருக்கும் வழித்துணையாய் அமைந்தவர் சமண சமயத்துத் துறவியான கவுந்தியடிகள். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் அவர்களுக்கு வழி கூறுங்கால், கொடும்பாளூரில் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். அக்கொடும்பாளூர் மருங்காபுரிக்கு நெடுந்தொலைவில் இல்லை. இன்று மருங்காபுரி மக்கள் திருச்சிக்கும் மதுரைக்கும் பேருந்து ஏறும் நிலப்பகுதியே அன்று கவுந்தியடிகள் நடந்த நிலப்பகுதி.

அதே சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர் எத்தகையராக இருத்தல் வேண்டும் என்று ஒவ்வொருவராக எடுத்து இலக்கணம் வகுக்கிறது. மாதவி ஐந்தாம் அகவையில் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். அவளது ஆடலைக் கூறுமுன் அவளுக்குக் கற்பித்தோரைக் கூறியதே காப்பியத்தின் நுட்பம். நல்லாசிரியர் அமைந்த பின்னரே கலை அமைகிறது.

மருங்காபுரியைச் சூழ்ந்த நிலம் கலைக்கு வறண்ட நிலம் அன்று. குடுமியான்மலைப் பாறையில் ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. மாணாக்கர் நலத்தின் பொருட்டே அவை செய்யப்பெற்றன என்று அக்கல்வெட்டே தெரிவிக்கிறது. சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் தூண்களில் ஆடல் மகளிர் ஓவியங்கள் உள்ளன. துறவோர் உறைந்த குன்றில் ஆடற்கலையும் இடம்பெற்றது. விராலிமலையில் சதிராட்ட மரபைக் காத்த முத்துக்கண்ணம்மாள் அவர்களுக்கு 2022 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இத்தகைய நிலத்தில் வாழும் ஒரு தாய், பத்து வயது மகளைப் பாட்டுப் பயில எங்கே அழைத்துச் செல்வாள்? இவ்வினாவே இன்றைய பொருள்.

திருவரங்கத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இயங்குகிறது. கலை பண்பாட்டுத் துறையைச் சார்ந்த இவ்வகைப் பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், நாகசுரம், தவில், தேவாரம் ஆகியவை மூன்றாண்டுகள் கற்பிக்கப்பெறுகின்றன. வயது வரம்பு 12 முதல் 25 வரை. அதற்கு இளைய குழந்தைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் உண்டு. பட்டம் பெற விழைவோர்க்குத் திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி உள்ளது. ஆயின், மருங்காபுரியினின்று திருவரங்கம் செல்ல ஒரு மணி நேரத்திற்கும் மேற்பட்ட பேருந்துப் பயணம் வேண்டும். பள்ளி விட்டு வரும் குழந்தைக்கு அது நாள்தோறும் இயலாது.

ஆதலின் முதற்கண் அண்டை அயலில் தேடுதல் வேண்டும். ஊர்த் திருவிழாவில் நாகசுரமும் தவிலும் வாசிப்போர் பரம்பரையாகக் கற்றவர்கள்; கேட்டால் கற்பிக்க இசைவோர் அவர்களுள் உண்டு. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடைபெறுகிறது. அதில் நன்கு பாடிய, ஆடிய பிள்ளையின் பெற்றோரை வினவினால் ஆசிரியர் பெயர் தெரியவரும். மணமாகி வந்தபின் பாட்டை நிறுத்திவிட்ட மருமகளிர் எத்தனை இல்லங்களில் உள்ளனர்! அவர்களும் ஆசிரியராகத் தக்கவர்களே.

ஆசிரியரைக் கண்டபின் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? வழி சீவக சிந்தாமணியில் உள்ளது. காந்தருவதத்தையின் இசைப் போட்டியில் சீவகன் தன்முன் வைத்த யாழை உடனே ஏற்கவில்லை. ஒன்று நீரில் நின்ற மரம், ஒன்று வாளால் வெட்டுண்டது, ஒன்று இடி விழுந்தது என்று குற்றம் கண்டு விலக்கினான், குற்றமற்றதையே கைக்கொண்டான். பெற்றோரும் விளம்பரப் பலகையைக் கண்டு மயங்காது, ஒரு வகுப்பில் அமைதியாக அமர்ந்து காணுதல் வேண்டும். பிழையாகப் பாடிய குழந்தையை ஆசிரியர் எவ்வாறு திருத்துகிறார்? சினக்கிறாரா, பொறுக்கிறாரா? மூன்று மாதத்தில் மேடையேற்றுவேன் என்கிறாரா, சரளி வரிசை செம்மையுற்ற பின்னரே அடுத்த பாடம் என்கிறாரா? கட்டணம், உடைச் செலவு, அரங்கேற்றச் செலவு ஆகியவற்றை முன்னரே தெளிவாகக் கூறுகிறாரா? குழந்தைகள் பயிலும் அறை பெற்றோர் காணத் திறந்திருக்கிறதா? இவையே குற்றமற்ற யாழுக்கான அடையாளங்கள்.

சமணக் குடும்பங்களுக்கு மேலும் இரண்டு எண்ணங்கள் உண்டு. முதலாவது, உணவு நேரம். மாலை வகுப்புகள் பெரும்பாலும் ஆறு மணிக்கே தொடங்குகின்றன. இரவில் உண்ணாமையை மேற்கொள்ளும் இல்லத்துப் பிள்ளை பசியோடு திரும்பும் நிலை நேரலாம். கூச்சப்படாமல் ஆசிரியரிடம் கூறினால், விடியற்காலை வகுப்போ விடுமுறை நாள் வகுப்போ அமைத்துத் தருவார். குரற்பயிற்சிக்கு வைகறையே சிறந்த பொழுது.

இரண்டாவது, கொல்லாமை. மிருதங்கத்தின் முகங்கள் விலங்குத் தோலால் ஆனவை. வீணையின் மெட்டுகளைப் பதிப்பதற்குத் தேன்மெழுகு சேர்கிறது. வயலின் வில்லில் குதிரை வால்மயிர் உள்ளது. இதன் பொருட்டுக் கலையையே கைவிட வேண்டுவதில்லை. செயற்கைத் தோல் பொருத்திய மிருதங்கமும், செயற்கை இழை பூட்டிய வில்லும் இன்று கிடைக்கின்றன. மூங்கிற்குழலும், மட்கடமும், இரும்பாலான மோர்சிங்கும் உள்ளன. எல்லாவற்றினும் மேலாக, எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாத கருவியாகிய மிடறு உண்டு. தாளம் கற்க விரும்பும் பிள்ளை கொன்னக்கோலில் தொடங்கலாம். முடிவு அவரவர் குடும்பத்தது. ஆயின் அறிந்து முடிவு செய்தல் வேண்டும்.

இருபத்தைந்து வயது கடந்தோர்க்கு என்ன வழி? அரசுப் பள்ளியின் வயது வரம்பு அவர்களை விலக்கலாம், கலை விலக்குவதில்லை. அறுபதில் தொடங்குவோர்க்கு அரங்கேற்றம் இலக்கு அன்று. ஒரு துதிப்பாடலைச் சுருதி வழுவாமல் பாடும் நிறைவே போதும்.

இங்கு ஓர் இழப்பையும் கருதுதல் வேண்டும். சமணத் துதி நூல்கள் அச்சில் உள்ளன. ஆனால் அவற்றை இல்லத்து மூதாட்டியர் ஓதிய மெட்டுகள் எந்த நூலிலும் இல்லை. அவர்கள் நாவில் மட்டுமே உள்ளன. ஒரு பாட்டி மறைந்தால் சில மெட்டுகளும் உடன் மறைகின்றன. ஏடு அழிந்தால் மற்றோர் ஏடு கிடைக்கலாம். மெட்டு அழிந்தால் மீட்பதற்கு இடமில்லை.

ஆகவே, அறக்கட்டளையின் முன் ஒரு வேண்டுகோள். திருச்சியிலோ திருவரங்கத்திலோ உள்ள ஆசிரியர் ஒருவரை வாரம் ஒருமுறை மருங்காபுரிக்கு அழைக்கலாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் பயணச் செலவு பெரிதன்று. பத்துப் பிள்ளைகள் திருச்சிக்குச் செல்வதினும் ஓர் ஆசிரியர் இங்கு வருதல் எளிது. அவ்வகுப்பின் முதல் வரிசையில் குழந்தைகள் அமரட்டும். அடுத்த வரிசையில் பாட்டிமார் அமரட்டும். ஆசிரியர் சரளி வரிசை கற்பித்த பின், பாட்டிமார் தம் மெட்டுகளைப் பாடட்டும். ஆசிரியர் அவற்றைச் சுரப்படுத்தி எழுதட்டும். குடுமியான்மலையில் ஓர் அரசன் மாணாக்கருக்காகச் சுரங்களைப் பாறையில் வெட்டுவித்தான். இன்று ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் எழுதுகோலுமே போதும்.

அடுத்த ஆண்டு விழாவின் தொடக்கத்தில், இம்மேடையில் மருங்காபுரிப் பிள்ளைகளே இறைவணக்கம் பாடுவார்களாக. அறம் வளர்க! இசை வளர்க!