தண்ணீருக்குக் கணக்கெழுதும் உலகம்

வரவு செலவுக் கணக்கோடு காலந்தள்ளுகிறவன் விளையாட்டைப் பற்றி என்ன பேசப் போகிறான் என்று நினைக்க வேண்டாம். இன்று நான் சொல்லப்போகும் விளையாட்டில் முக்கால்வாசி கணக்குத்தான்.

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டை உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஆடக்கூடும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இதில் மூத்தது. விதிப்புத்தகம் ஒன்று, கதை நடக்கும் உலகம் இன்னொன்று. விதிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். அப்போது பழைய உலகத்தைப் புதிய விதிக்குள் கொண்டுவர வேண்டியிருக்கும். என் மகளும் அவளுடைய நண்பர்கள் நால்வரும் மெல்பேர்ணில் எங்கள் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை இரவுகளில் ஆடுகிறார்கள். கதையை நடத்துபவன் நான். ஆகவே அந்த வேலை என் தலையில் விழுந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்ட உலகம் 'டார்க் சன்'. டிமத்தி பிரவுன், ட்ராய் டென்னிங் இருவரும் உருவாக்கி, ப்ரோம் என்ற ஓவியரின் படங்களோடு 1991இல் வெளிவந்தது. ஏத்தாஸ் என்ற அந்த உலகம் ஒரே பாலைவனம். தெய்வங்கள் இல்லை. சூனிய அரசர்கள் நகரங்களை ஆள்கிறார்கள். உலோகம் அருமை என்பதால் வாளை எலும்பிலும் எரிமலைக் கண்ணாடியிலும் செய்கிறார்கள். நாணயம் சுட்ட களிமண்! பழைய நூலில் விலைக்கு ஒரு விதி உண்டு: உலோகப் பொருளுக்கு விதிப்புத்தகத்தின் முழு விலை, மற்றவற்றுக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு. ஒரே வரியில் முழுப் பொருளாதாரத்தையும் மாற்றிவிட்டார்கள். கணக்காளன் என்ற முறையில் அந்த வரிக்கு நான் தலைவணங்குகிறேன்.

அந்த உலகம் பாலைவனமானதற்குக் காரணம் மந்திரம். அங்கே மந்திரவாதி தன் சக்தியைச் செடிகொடிகளின் உயிரிலிருந்து எடுக்கிறான். நிதானமாக எடுத்தால் செடி பிழைக்கும். அவசரப்பட்டு உறிஞ்சினால் நிலம் சாம்பலாகும். 1991 விதிகளில், சாம்பலாக்குகிறவன் மற்றவனைவிட வேகமாக முன்னேறுவான். இலாபம் இவனுக்கு, நட்டம் ஊருக்கு. அவனுடைய பேரேட்டில் அந்தச் செலவு ஏறுவதே இல்லை. இந்த உலகத்தின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து.

2010இல் நான்காம் பதிப்புக்கேற்ப இந்த உலகத்தை மறுபடியும் வெளியிட்டார்கள். அதில் ஆயுதம் உடையும் விதி அழகானது. பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம், ஆனால் எலும்பு வாள் உடைந்துபோகும். சாம்பலாக்கும் மந்திரத்துக்கோ பக்கத்தில் நிற்கும் தோழர்கள் காயப்படுவார்கள். நண்பன் அலறினால் உடனே கேட்கும். செத்த நிலம் அலறாது. அதனால் அந்த மாற்றம் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பைத்தான் எங்கள் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அதில் எட்டு மணிநேரம் உறங்கினால் எல்லாக் காயமும் ஆறிவிடும். சரி, போகட்டும். தண்ணீருக்கு வருவோம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கலன், அதாவது ஏறத்தாழ 3.8 லீற்றர் வேண்டும். வெயிலென்றால் இரண்டு கலன். ஐந்து பேருக்குப் பத்துக் கலன். நீர் உண்டாக்கும் முதல்நிலை மந்திரம் தருவதும் சரியாகப் பத்துக் கலன்! இன்னொரு முதல்நிலை மந்திரம் பத்துப் பழங்கள் தரும், ஒரு பழம் ஒருவருக்கு ஒருநாள் ஆகாரம். இரண்டு சிறு மந்திரத்தில் பாலைவனம் தீர்ந்தது. 2008 கடைசியில் மெல்பேர்ணில் வறட்சிக்காக ஆளுக்கு நாளொன்றுக்கு 155 லீற்றர் என்று இலக்கு வைத்தபோது எத்தனை வீட்டில் முணுமுணுப்பு! ஏத்தாஸில் அந்த முணுமுணுப்பாவது இருக்க வேண்டாமா?

இரண்டு மந்திரங்களையும் தடைசெய்வது சுலபம். ஆனால் அவற்றை நம்பித் தன் பாத்திரத்தை அமைத்த பெண், "அங்கிள், அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் தடைசெய்யவில்லை, விலை வைத்தேன். பத்துக் கலன் ஒரு கலனாயிற்று. பழத்துக்கு உயிருள்ள செடியொன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மந்திரவாதி விரும்பினால் பகடையை மறுபடி உருட்டலாம், ஆனால் சுற்றிலும் மந்திரத்தின் நிலைக்குப் பத்தடி வீதம் நிலம் செத்துப்போகும். அந்த இடத்தை அவனே வரைபடத்தில் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். அழிறப்பர் கிடையாது.

அடிமைச் சந்தைகளும் அந்த உலகில் உண்டு. அதை நான் மறைக்கவில்லை, வேடிக்கையாக்கவும் இல்லை. எங்கள் மேசையில் எவரும் அடிமை வாங்குவதில்லை என்று முதல்நாளே பேசிக்கொண்டோம்.

சில வாரங்களுக்கு முன் ஒரு கிணற்றடியில் கொள்ளையர் வளைத்துக்கொண்டார்கள். என் மகளின் பாத்திரம் வீழ்ந்து கிடந்தது. மந்திரவாதியாக ஆடும் பையன் மறுபடி உருட்டினான். அவள் பிழைத்தாள். முப்பதடி நிலம் போயிற்று. அவன் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா இருந்தான். பிறகு தீட்டினான். கிணற்றைச் சுற்றி இருந்த முட்புதர் முழுவதும் அந்த வட்டத்துக்குள். பழம் கேட்டுக் கை நீட்டியபோது அந்தப் பெண் தலையாட்டிவிட்டாள். அந்தக் கிணற்றை நம்பி ஆடு மேய்க்கும் குடும்பங்கள் இருந்தன. அவர்களிடம் யார் போய்ச் சொல்வது என்று பகடையைத் தொடாமலே ஒரு மணிநேரம் வாதிட்டார்கள். "என்னைக் காப்பாற்றத்தானே செய்தான்" என்றாள் மகள். "அது உன் கணக்கு, ஆட்டுக்காரரின் கணக்கு வேறு" என்றாள் மற்றவள். நான் வாய் திறக்கவில்லை.

முடிவில் ஊருக்குப் போய்ச் சொல்வதென்று தீர்மானித்தார்கள். இரண்டு நாள் நடை, கடும் வெயில். வேண்டியது இருபது கலன். தோற்பைகளில் இருப்பது பதின்மூன்று. வருகிற சனிக்கிழமை புறப்படுகிறார்கள்.