இழுப்பு நோயும் நம் உடலில் குடியிருக்கும் கிருமிகளும்

(தோட்டக் கிளைச் சங்க மாதக் கூட்டத்தில் கிளையைச் சேர்ந்த கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் முடிந்து வெளியே வரும்பொழுது ஒரு சகோதரி என்னை நிறுத்தி, "கிராணி ஐயா, பிள்ளைக்கு இழுப்பு வந்ததற்கு நான்தான் காரணமா? வீட்டைச் சுத்தமாக வைக்கவில்லை என்று மாமியார் சொல்கிறார்கள். வாழைப்பழம் கொடுத்தாய் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்" என்று கண்கலங்கக் கேட்டார். நான் வைத்தியன் அல்லன், செக்ரோல் எழுதுகிறவன். ஆயினும் என் வீட்டிலும் இழுப்புக்காரப் பிள்ளை ஒன்று இருப்பதால் இவ்விஷயத்தைத் தேடிப் படித்திருக்கிறேன். அந்தச் சகோதரிக்கு அன்று சொல்ல முடியாத பதிலை இன்று எல்லோர்க்கும் சொல்கிறேன்.

கிருமி என்றால் நோய் என்றே நாம் பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மை. மங்கில் விழுந்த பால் அப்படியே கிடந்தால் கட்டிப்போய் நாற்றமெடுக்கிறது. அமோனியா விட்டால் தாங்குகிறது. அங்கே வேலை செய்வது கிருமி. அடுப்படியில் பாலைத் தயிராக்குவதும் கிருமியே. (கள் புளிப்பதும் இப்படித்தான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இது வேறு கூட்டமாகிவிடும்.) நம் குடலிலும் தோலிலும் மூச்சுக்குழாயிலும் கோடானுகோடி கிருமிகள் குடியிருக்கின்றன. பிள்ளை பிறக்கும்பொழுதே அவை குடியேறத் தொடங்கிவிடுகின்றன.

இழுப்பு வந்தால் மூச்சுக்குழாய் வீங்கி, தசை இறுகி, சளி சேர்ந்து, காற்றுப் போகும் வழி குறுகுகிறது. பல பிள்ளைகளுக்கு இது உடம்பின் காவல் தடுமாறுவதால் வருவது. தோட்டத்திற்குப் புதிதாக வந்த ஜாகாவை எண்ணிப் பாருங்கள். ஆள் அடையாளம் தெரியாதவன் திருடனையும் பிடிப்பான், விடியுமுன் வெட்டுக்குப் போகிற நம்மையும் பிடிப்பான். அதைப் போலவே உடம்பின் காவலும் மெத்தைத் தூசியையும் கரப்பான் எச்சத்தையும் பெரும் பகை என்று எண்ணி ஆர்ப்பாட்டம் செய்கிறது. இந்தக் காவலுக்கு ஆள் அடையாளம் பழக்கிக் கொடுப்பதில் குடலில் குடியிருக்கும் கிருமிகளுக்குப் பெரும் பங்குண்டு. தாய்ப்பாலில் பிள்ளையால் ஜீரணிக்க முடியாத சர்க்கரை வகைகள் உண்டு. அவை இக்கிருமிகளுக்கு உணவாகின்றன. அதைத் தின்று அவை வெளிவிடும் அமிலங்கள் காவலைச் சாந்தப்படுத்துகின்றன.

2015ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 319 குழந்தைகளை ஆராய்ந்து, பின்னர் இழுப்பு வரக்கூடிய பிள்ளைகளின் மலத்தில் மூன்று மாத வயதில் நான்கு வகைக் கிருமிகள் குறைந்திருந்ததைக் கண்டார்கள். ஒரு வயதில் அந்த வேற்றுமை பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆகவே, முதல் நூறு நாள் முக்கியம் என்றார்கள்.

2016இல் அமெரிக்காவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. அங்கே ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு கூட்டத்தார். இரு கூட்டத்தாரின் முன்னோரும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், இருவரும் விவசாயிகள், உணவும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஆமிஷ் மக்கள் வீட்டருகே மாடும் குதிரையும் வைத்துப் பழைய முறையில் உழுகிறவர்கள். ஹட்டரைட் மக்கள் பெரும் பண்ணைகளில் இயந்திரம் கொண்டு உழுகிறவர்கள். ஆமிஷ் பிள்ளைகளில் இழுப்புள்ளவர் நூற்றுக்கு 5 பேர். ஹட்டரைட் பிள்ளைகளில் 21 பேர்! ஆமிஷ் வீட்டுத் தூசியில் கிருமிகளின் பொருள் ஏறக்குறைய ஏழு மடங்கு இருந்தது. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டபொழுது அவற்றுக்கு இழுப்பு தடைப்பட்டது.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் சாக்கடையை ஏன் சுத்தம் செய்ய வேண்டும்?" என்று நிர்வாகத்தில் யாராவது கேட்கக்கூடும். முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். மாட்டுக் கொட்டகைத் தூசி வேறு, சாக்கடை வேறு. எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலும் வாந்திபேதியும் எந்தப் பிள்ளைக்கும் எந்தக் காவலையும் கற்றுக்கொடுப்பதில்லை, கொல்லத்தான் செய்யும். சிகரெட்டுப் புகையும், கொசுவர்த்திப் புகையும், ஸ்டோரில் மூக்கை எரிக்கும் அமோனியா ஆவியும் இழுப்பைத் தூண்டுபவை. அவற்றை எதிர்த்து நாம் கேட்கும் கோரிக்கைகளில் ஒரு வரியும் குறையாது.

இனி என் தவறு. என் மகனுக்கு ஒரு வயது நிரம்புமுன் சளி பிடித்த போதெல்லாம் பட்டணத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, "ஆன்டிபயாட்டிக் கொடுங்கள்" என்று நானே வற்புறுத்தி வாங்கினேன். மூன்று முறை. சாதாரணச் சளி வைரஸால் வருவது. அம்மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. நல்ல கிருமிகளையோ வாரிக்கொண்டு போகும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 2000 முதல் 2014 வரை கைக்குழந்தைகளுக்கு இம்மருந்து எழுதுவது பாதிக்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளிடையே புதிதாக இழுப்புக் காண்பது நூற்றுக்கு 26 பங்கு குறைந்தது. என் மகனின் இழுப்புக்கு அந்த மூன்று போத்தல்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். பரம்பரை உண்டு, புகை உண்டு, வேறு பலவும் உண்டு. ஆனால் கேட்டு வாங்கியது நான். நிமோனியா போன்ற நோய்க்கு டாக்டர் தாமாகக் கொடுத்தால் அதைச் சொன்னபடி கொடுத்து முடியுங்கள். சளிக்கு நீங்களாகக் கேட்காதீர்கள். இழுப்புள்ள பிள்ளையின் இன்ஹேலரையும், ஊரார் ஏதோ சொன்னார்கள் என்று நிறுத்திவிடாதீர்கள்.

அந்தச் சகோதரிக்கு: அம்மா, வாழைப்பழத்தின் மேலும் உங்கள் துடைப்பத்தின் மேலும் யாரும் பழி போட வேண்டாம். தாய்ப்பால் கொடுக்க நாள் கிடைத்ததா என்று கேட்கட்டும். நம் நாட்டில் பிரசவ விடுமுறை முன்பு 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். கனடாக்காரர் சொல்லும் நூறுக்கு இரண்டு நாள்தான் குறைவு. சட்டப்படி தகுதியுள்ளவருக்கு அந்நாள்களுக்குச் சம்பளமும் உண்டு. அப்படியிருந்தும், பெயர் விட்டுப்போகும் என்று பயந்து நாற்பதாம் நாளே கத்தியை எடுக்க வருகிற சகோதரிகளை என் கண்ணால் பார்க்கிறேன். பெயரை எழுதுகிறவன் நான், விட்டுப்போகாது. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் ஏழாம் மாதத்திலேயே என்னிடம் வாருங்கள். பிரட்டு முடிந்தபின் ஆபீசில் இருப்பேன். மனுவை நானே எழுதித் தருகிறேன்.