கிளச் மாற்றிய பின்னும் கியர் விழாத லொறி



யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய வாகனங்கள் நீடூழி வாழ்வதற்கு ஆசையைவிடத் தேவையே காரணம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் இங்கு வருவது அரிதாயிற்று. சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயிலே ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை ஓட்டினார்கள். ஒரு பாகத்தைக் கழற்றுமுன் பலகாலும் சிந்தித்த காலம் அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும் பழைய லொறியே பலருக்குக் கதியாயிற்று.

அந்தச் சிந்தனை இப்போது குறைந்துவிட்டதென்றே எண்ணுகிறேன். புதிய கிளச் பூட்டியும் கியர் விழவில்லையென்றால், உடனே கியர்பொக்ஸை மறுபடி இறக்கிவிடுகிறார்கள். வெங்காயம் ஏற்றக் காத்திருக்கும் லொறிக்காரருக்கோ அன்றைய உழைப்பும் கூலியும் போய்விடுகின்றன.

எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும் அதன்மேல் அழுத்தும் தட்டுக்கும் இடையே கிளச் பிளேற் இருக்கிறது. மிதியை அழுத்தினால் பிளேற் விடுபடவேண்டும். விட்டால் இறுகப் பற்றவேண்டும். விடுபடாமை ஒரு நோய். பற்றாமல் வழுக்குதல் அதற்கு நேர் எதிரான நோய். இரண்டையும் குழப்புவோர் மிகப் பலர். எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் இலகுவாக விழுந்து, ஓடும்போது கரகரவென்று அரைத்தால், பிளேற் விடுபடவில்லை என்பது பெரும்பாலும் உறுதி.

முதலில் வெளியே பாருங்கள். மிதிக்கு உரிய தளர்வு எவ்வளவு? அது வண்டிக்கு வண்டி வேறுபடும். அளவு மிஞ்சினால் மிதியின் முழு அசைவும் கிளச்சுக்குச் சென்று சேராது. எண்ணெயால் இயங்கும் கிளச் ஆயின், மிதியை மூன்று நான்கு தடவை விரைந்து அழுத்திப் பாருங்கள். அப்போது கியர் விழுந்தால், குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். காற்றை வெளியேற்றினாற் போதும்.

இவையெல்லாம் சரியென்றால்தான் கியர்பொக்ஸை இறக்கலாம். பிளேற் முன்பின் மாறிப் பூட்டப்பட்டதா என்பதே முதற் கேள்வி. அடுத்தது, அதிகம் கவனிக்கப்படாதது: ஏற்றும்போது கியர்பொக்ஸின் பாரம் முழுவதும் பிளேற்றில் தொங்கியதா? ஜக் இல்லாமல் ஆட்களே தாங்கி ஏற்றுமிடத்தில் இது நேர்வதுண்டு. புதிய பிளேற் அப்போதே வளைந்துவிடும். பழியோ விற்ற கடைக்காரர்மேல் விழும். ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தால் அது தவிர்ந்திருக்கும். கடற்காற்றில் நெடுநாள் நின்ற லொறியில், துருவினால் பிளேற் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

இன்னொன்று, உயிரோடு தொடர்புடையது. பழைய பிளேற்களின் உறையில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். அதன் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே கூடாது. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியை உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். வேலை பழகும் பிள்ளைகளை அந்நேரம் பக்கத்தில் நிற்கவிடாதீர்கள்.